பொருள்: செக்பொயின்ற் – ‘சோதனைச் சாவடி’ வேண்டாம், ‘தரிப்பு’ என்று வைப்போம்

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகளில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தமிழில் போடும் வரைவுப் பட்டியலை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். பெரும்பாலானவற்றில் எனக்கு மறுப்பில்லை. ‘தன்மைச் சுடுவிளையாட்டு’ (நாயகனின் கண் வழியே பார்த்துச் சுடுகிற ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்’) என்பதற்கு மூன்று வாரம் சண்டை பிடித்தோம், ஆனாலும் நல்ல சொல் கிடைத்தது. தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றையும் எட்டாம் வகுப்பிலேயே எல்லோரும் படித்திருக்கிறோம், புதிதாக விளக்கத் தேவையில்லை. (அந்த வகை விளையாட்டான ஹாஃப்-லைஃபின் நாயகன் கோர்டன் ஃப்ரீமன் விளையாட்டு முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. தன்மை என்று பெயர் வைத்தோம், ஆனால் ‘நான்’ என்று ஒரு தடவைகூடச் சொல்லாத ஆள்.)

ஒரே ஒரு சொல்லில்தான் எனக்குப் பிரச்சினை: செக்பொயின்ற், அதாவது செத்தால் திரும்பத் தொடங்குவதற்காக விளையாட்டே தானாகச் சேமித்து வைக்கும் இடம். பட்டியலில் அதற்கு இப்படி இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> செக்பாயின்ட்: சோதனைச் சாவடி. அகராதியில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த சொல். இதற்கும் புதிதாக ஒன்று எதற்கு?

எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதுதான் வில்லங்கம்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு அக்காவின் மகன் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் வந்து நின்றான். ஒன்பதாம் வகுப்பு. என்னிடம் இருப்பது பழைய கணினி, அதில் ஓடக்கூடிய நல்ல அறிபுனைக் கதை என்றால் ஹாஃப்-லைஃப் 2 தான். 2004 நவம்பரில் வந்தது, அவனை விட வயதில் மூத்தது. ‘சரி, ஆடு, ஆனால் எனக்கு ஒரு வேலை செய்து தரவேண்டும்’ என்றேன். நம் பட்டியலை ஒற்றையில் அச்சடித்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்தந்தக் காரியம் விளையாட்டில் நடக்கும்போது அவன் தமிழ் வரியை உரக்க வாசிக்க வேண்டும். நாக்கு தடக்குகிற இடத்தில் நான் பென்சிலால் கோடு போடுவேன். இதுதான் நம் ஆய்வுகூடம்.

முதல் இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் காற்றாடிப் படகில் கால்வாய் வழியே போகும் அத்தியாயம். மேலே ஹெலிகொப்டர் துரத்தித் துரத்திக் குண்டு போடுகிறது, இவன் செத்துச் செத்துப் பிழைக்கிறான். ஒவ்வொரு தடவையும் சத்தமாக: “கடைசிச் சோதனைச் சாவடியிலிருந்து மீண்டும் தொடங்கவும்!” நாலாவதோ ஐந்தாவதோ தடவை, பின்னால் சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்திக் கேட்டா:

“எங்கயடா? திரும்பவும் போட்டிட்டாங்களோ? மடத்தடியிலயோ?”

பெடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இல்லை அம்மம்மா, கேமுக்குள்ள” என்று சொல்லிவிட்டுப் படகைக் கிளப்பினான். அவன் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவன், அவனுக்கு அது ஒற்றையில் இருக்கிற ஒரு சொல். அம்மாவுக்கு அது பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, அந்தப் பக்கம் நடந்துபோய் அதே பஸ்ஸில் திரும்பவும் ஏறுவது.

உணர்ச்சியைக் காட்டிச் சொல்லைத் தள்ளப் பார்க்கிறேன் என்று சென்னை நண்பர்கள் நினைக்கவேண்டாம். என் முதல் வாதமே பொருளைப் பற்றியது. சோதனைச் சாவடி ஆளை மறிப்பது. அங்கே நில் என்பார்கள், யார் என்று கேட்பார்கள், வேண்டுமென்றால் திருப்பி அனுப்புவார்கள். விளையாட்டில் வருவது யாரையும் மறிப்பதில்லை. வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி இருக்கும். ஓடுகிற ஓட்டத்தில் நீங்கள் அதற்குள் புகுந்து வெளியே வந்துவிடுவீர்கள். அந்தக் கணத்தில் நீங்கள் நின்ற இடம், பார்த்த திசை, மிச்சமிருக்கும் உயிர், தோட்டா, திறந்த கதவு, உருண்டு கிடக்கும் பெட்டி எல்லாவற்றையும் விளையாட்டை ஓட்டும் மென்பொருளான எஞ்ஜின் எழுதி வைத்துக்கொள்ளும். யாரும் எதையும் சோதிக்கவில்லை. ‘செக்’ என்று கண்டவுடன் ‘சோதனை’ என்று கை தானாக எழுதிவிட்டது, அவ்வளவுதான். கார் பந்தயத்தில் ஓட்டுநர் கடந்து போகும் குறிக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அதற்கும் சோதனைச் சாவடி என்றால் பந்தயக்காரன் இறங்கி ஐடி காட்ட வேண்டியதுதான்.

இரண்டாவது வாதம் இன்னும் பலமானது. ஹாஃப்-லைஃப் 2 எப்படித் தொடங்குகிறது? வேற்றுலகத்தார் ஆக்கிரமித்த சிட்டி 17 என்ற நகரத்தின் புகையிரத நிலையத்தில் வந்து இறங்குகிறோம். பெரிய திரையில் அவர்களுக்காக ஆளும் பிரீன் வரவேற்புரை நிகழ்த்துகிறார். கம்பி வேலி, ஒருவர் பின் ஒருவராக ஆட்கள், முகமூடி போட்ட காவற்படை. ஒருவன் வேண்டுமென்றே ஒரு பேணியைத் தட்டி விழுத்தி, எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடு என்று மறித்துக்கொண்டு நிற்பான். போட்டால் வழி விடுவான். எடுத்து அவன் மேலேயே எறிந்தால் தடியைத் தூக்கிக்கொண்டு வருவான். மருமகன் எறிந்தான், சொல்லவேண்டுமா.

அது சோதனைச் சாவடி. அசல் சோதனைச் சாவடி, பார்த்தவுடன் தெரியும். அந்தக் காட்சிக்குத் தமிழ் வசனம் எழுதப்போகிறவர் அதற்கு வேறு எந்தச் சொல்லைப் போடுவார்? கதைக்குள் அந்தச் சொல் வேண்டும். மெனுவிலும் அதே சொல்லை வைத்தால், ‘சோதனைச் சாவடியை அடைந்துவிட்டீர்கள்’ என்று திரையில் வந்ததும் ஆடுகிறவன் துப்பாக்கியை உருவுவானா, மூச்சு விடுவானா? இந்த விளையாட்டின் மெனுவில் ‘தானாகச் சேமித்தது’ என்றுதான் இருக்கிறது, ஆடுகிறவர்கள்தான் அதைச் செக்பொயின்ற் என்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் நம் பட்டியல் ஒரு விளையாட்டுக்காக மட்டும் இல்லையே. அறிபுனைச் சுடுவிளையாட்டுகளில் பாதிக்கு மேல் ஆக்கிரமிப்பும் எதிர்ப்பும்தான் கதை. காவலரண் இல்லாத ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இனி, மாற்றாக வந்த சொற்கள்.

‘மீள்புள்ளி’: கோவை நண்பர் தந்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இலங்கையில் புள்ளி என்றால் பரீட்சையில் எடுப்பது. நீங்கள் மதிப்பெண் என்கிறீர்கள், நாங்கள் புள்ளி என்கிறோம். விளையாட்டில் எடுக்கும் ஸ்கோருக்கும் புள்ளி என்று இதே பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மருமகனிடம் கேட்டேன், ‘செத்தால் பறித்த புள்ளியைத் திருப்பித் தருவார்களா?’ என்றான். அதோடு அது போயிற்று.

‘நங்கூரம்’ என்று இந்த ஊர்க்காரர் ஒருவரே எழுதியிருந்தார். துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர், வேறென்ன தோன்றும்! ஆனால் நங்கூரம் கப்பலை நகரவிடாமல் பிடிப்பது. நமக்கு வேண்டியதோ நகர்ந்தபின் திரும்பி வர ஓரிடம்.

‘துறை’யும் வந்தது, கிண்ணியாவிலிருந்து. இதில் எனக்குக் கொஞ்சம் ஆசை உண்டு. 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் ‘பாதை’யில்தான் போவோம். பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு கடக்கிற மிதவை. இந்தக் கரைப் பேச்சில் அதற்கு அதுதான் பெயர். பாதையைத் தவறவிட்டால் துறையடியில் வந்து நின்று அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். பொருத்தம் இருக்கிறது. ஆனால் துறை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை: நீர்த்துறை, கல்வித்துறை, காவல்துறை. ‘கடைசித் துறையிலிருந்து தொடர்க’ என்றால் எந்தத் திணைக்களம் என்று கேட்பார்கள்.

சுமைதாங்கியை முன்மொழிந்தவர் கவிஞராக இருக்கவேண்டும். சுமையை இறக்கி வைத்துவிட்டு ஆறிப் போகிற கல். ஆனால் பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண்களின் நினைவாக நட்ட கல் அது. அதை மெனுவில் கொண்டுவந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் முன்வைப்பது ‘தரிப்பு’.

இலங்கையில் இது தினம் கண்ணில் படுகிற சொல். பஸ் தரிப்பிடம், வாகனத் தரிப்பிடம் என்று பலகையே இருக்கும். ‘கொஞ்சம் தரித்து நின்று போ’ என்பது கிழவிகள் வாயில் இன்னும் உண்டு. தரித்தல் என்றால் போகிற வழியில் நிற்பது. வழி அங்கே முடிவதில்லை, யாரும் மறிக்கவும் இல்லை. முதற்பொருள் அப்படியே பொருந்துகிறது.

அடுத்து, தரித்தல் என்றால் தாங்குதல், உள்ளே வைத்திருத்தல். கருத்தரித்தல் அதிலிருந்துதான். எஞ்ஜின் அந்தக் கணத்தை உள்ளே தரித்து வைத்துக்கொள்கிறது. சொல்லுக்குள்ளேயே சேமிப்பு இருக்கிறது.

மூன்றாவதை நான் தேடிப் போகவில்லை, தானாக வந்து விழுந்தது. உயிர் தரித்தல் என்கிறோமே, செத்துப்போகாமல் பிழைத்திருப்பது. இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம் சொல்லவேண்டும். ஹாஃப்-லைஃப் 2 ஓடுகிற சோர்ஸ் எஞ்ஜினில் ஆபத்தான இடங்களுக்கென்று சேமிக்கும் முறை ஒன்று தனியாக இருக்கிறது. சும்மா சேமித்தால் என்ன நடக்கும்? குண்டு மூக்குக்கு நேரே வரும்போது சேமிப்பு விழுந்துவிட்டது என்று வையுங்கள். திரும்பத் திரும்ப அதே குண்டுக்கு முன்னால் எழும்பிச் சாகவேண்டியதுதான், மீட்சியே இல்லை. அதனால் அந்த முறையில் எஞ்ஜின் முதலில் தற்காலிகமாக எழுதி வைக்கும். அடுத்து, கட்டத்தை வடிவமைத்தவர் குறித்துவைத்த சில வினாடிகள் பொறுக்கும். அதுவரை நீங்கள் பிழைத்திருந்தால்தான் அந்தச் சேமிப்பு உறுதியாகும். இடையில் செத்தால் அது கணக்கில் இல்லை, பழைய இடத்துக்கே போவீர்கள். இவ்வளவு உயிர் மிச்சம் இருந்தால்தான் உறுதி செய் என்று ஓர் எல்லை வைக்கவும் வழி இருக்கிறது. 2001இல் எக்ஸ்பாக்ஸில் வந்த ஹேலோ என்ற சுடுவிளையாட்டும் அப்படித்தான், சண்டை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் பதியும்.

உயிர் தரித்தால்தான் தரிப்பு. இதை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

> தரிப்பு என்றால் எங்கள் பக்கம் உடை தரிப்பதுதான். சென்னையில் கருத்தரிப்பு மையப் பலகைதான் ஞாபகம் வரும்.

போன வாரம் கோடி காட்டியபோதே இந்தப் பதில் வந்துவிட்டது. ஞாயம்தான். பெடியங்கள் முதல் இரண்டு நாள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இணையம் என்ற சொல்லைச் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கொண்டுவந்தபோது அதுவும் புதிதுதான். சின்னச் சொல், வாய்க்குள் நின்றது, கடல் தாண்டி இரண்டு பக்கமும் போயிற்று. எங்கள் ஊர்ச் சொல் என்பதற்காக நான் தூக்கிப் பிடிக்கவில்லை. கடவுச்சொல்லை நீங்களும் நாங்களும் சேர்ந்துதானே பாவிக்கிறோம், யார் வீட்டிலிருந்து வந்தது என்று யார் கேட்கிறார்கள்? ஆனால் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: ‘தரிப்பிடம்’ என்று நீட்டினால் இங்கே எல்லோருக்கும் பஸ்தான் ஞாபகம் வரும். அதனால் ‘இடம்’ வேண்டாம், வெறும் தரிப்பு போதும்.

பொத்தானில் இடமும் பார்க்கவேண்டும். ‘கடைசிச் சோதனைச் சாவடியிலிருந்து மீண்டும் தொடங்கவும்’ எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது. நான் சோதித்துப் பார்த்தபோது ‘சாவடியிலிரு’ வரைக்கும்தான் தெரிந்தது, சாவடியில் இரு என்று கட்டளை போட்டமாதிரி. ‘தரிப்பிலிருந்து தொடர்க’ ஒரே வரியில் நிற்கிறது.

வினையாக்கிப் பார்த்தேன், அதுவும் வருகிறது. மருமகன் இரண்டாம் வாரமே “மாமா, தரிப்பு விழுந்திட்டுது, இனிப் பயமில்லை” என்று தொடங்கிவிட்டான். ‘விழுந்தது’ என்பது அவன் சேர்த்தது, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டியலின் எடுத்துக்காட்டு வாக்கியத்தில் அதையே போடலாம் என்று நினைக்கிறேன்.

ஆடுகிறவர் தானே விசையை அழுத்திச் சேமிப்பதைத் தரிப்பு என்று சொல்லவேண்டாம். எஃப்6 அழுத்துவது ‘விரைவுச் சேமிப்பு’, அது அப்படியே இருக்கட்டும். 1993இல் டூம் என்ற சுடுவிளையாட்டு வந்தபோது ஆடுகிறவர் தானே சேமிக்க மறந்தால் செத்ததும் கட்டத்தின் தொடக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கியும் ஐம்பது குண்டுமாக எழும்பவேண்டும், வழியில் தரிப்பு என்று ஒன்றுமில்லை. நாமே செய்வதும் நமக்காக எஞ்ஜின் செய்வதும் வேறு வேறு என்பது பட்டியலிலும் தெரியவேண்டும்.

தரவுத்தளக்காரர்களும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிப்பவர்களும் இதே ஆங்கிலச் சொல்லைப் பாவிக்கிறார்கள். மணிக்கணக்காக ஓடும் வேலை நடுவில் அறுந்தால் கடைசியாக எழுதி வைத்த நிலையிலிருந்து பிடித்துக்கொள்வது. 2022 மின்வெட்டுக் காலத்தில் இந்த ஊரில் கணினியில் வேலை செய்த எவருக்கும் அதன் அருமை தெரியும். அங்கேயும் தரிப்பு பொருந்தும் என்றுதான் படுகிறது, ஆனால் அந்தப் பட்டியலைப் பார்ப்பவர்கள் சொல்லட்டும்.

‘சோதனைச் சாவடி’யைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. கதைச் சொற்கள் பகுதிக்கு, காவலரண், முள்வேலி, ஊரடங்கு இருக்கும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மறுப்பு இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை நானே கோப்பில் மாற்றி அனுப்பிவிடுகிறேன். மருமகன் இப்போது மணலில் கால் வைக்காமல் கடக்கவேண்டிய அத்தியாயத்தில் நிற்கிறான். கால் பட்டால் மண்ணுக்குள்ளிருந்து பூச்சி கிளம்பும். அங்கே ‘அன்ட்லயன்’ என்பதற்கு என்ன போடுவது என்று அடுத்த கடிதத்தில் கேட்கிறேன். அம்மா குழிநரிப்பூச்சி என்கிறா.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து