கராஜுக்கு மேலுள்ள அறை மட்டும் சூடாவதில்லை: என்ன செய்யலாம்?

மார்க்கம்வாசி:
வணக்கம். கனடாவில் மாடி வீடு, பேஸ்மென்டில் காஸ் ஃபர்னேஸ் (வீட்டுக்குச் சூடான காற்று அனுப்பும் அடுப்பு). ஹாலில் 21 டிகிரி இருக்கும்போது கராஜுக்கு மேலுள்ள மகளின் அறையில் 16தான். ஜாக்கெட்டோடு படிக்கிறாள். கீழ்த்தளத்தில் சில வென்ட்களை (சூடான காற்று வரும் திறப்புகளை) மூடியும் பலனில்லை. வந்து பார்த்தவர் பெரிய ஃபர்னேஸ் போடச் சொல்கிறார். தேவைதானா?

குளிர்காலன்:
காசைக் கரியாக்காதீர்கள். மூடிய வென்ட்களைத் திறந்துவிடுங்கள். மூடினால் டக்ட்டுக்குள் (காற்றுக் குழாய்க்குள்) அழுத்தம் கூடி, இணைப்புகளில் கசிவுதான் அதிகமாகும். அறையில் வென்ட் எங்கே இருக்கிறது?

மார்க்கம்வாசி:
கதவோரம், தரையில். ஜன்னல் எதிர்ச்சுவரில். காற்று திரும்பிப் போக அறையில் வழி கிடையாது. கராஜ் கூரையில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தேன்: வெறும் தகரக் குழாய், இணைப்பில் துணி டேப் காய்ந்து தொங்குகிறது.

தகரவேலை:
இருபது வருடமாக இதுதான் என் தொழில். ஜன்னல் கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். வென்ட் அதன் அடியில் இருந்தால் சூடான காற்று அதை எதிர்கொண்டு மேலே தூக்கும். கதவோரம் இருந்தால், வந்த சூடு அப்படியே வெளியே நடந்துவிடும். கதவைச் சாத்தினால் இன்னும் மோசம்: உள்ளிருக்கும் காற்று வெளியேறாமல் புதிய காற்று எப்படி நுழையும்? கதவின் அடியில் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள்.

ஆனால் வென்ட்டை இப்போதே நகர்த்தாதீர்கள். குளிர்ந்த கராஜுக்குள் குழாய் இன்னும் நீளும், அவ்வளவுதான். முதலில் இணைப்புகளில் மாஸ்டிக் (கசிவை அடைக்கும் பசை) பூசி, குழாயைச் சுற்றி இன்சுலேஷன் போடுங்கள். துணி டேப் வேண்டவே வேண்டாம். 1998இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடச் சோதனையில் படுதோல்வி அடைந்தது அதுதான். கசிவு எங்கே என்று தெரிய, ஃபர்னேஸ் ஓடும்போது இணைப்பருகே ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை கலையும் இடத்தில் பூசுங்கள்.

பேஸ்மென்டில் அந்த அறைக்குப் பிரியும் குழாயில், உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டைத் திருப்பும் சிறு கைப்பிடி இருக்கிறதா? குழாயின் நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது.

வாணி:
கழற்றிய பலகையை இடுக்கில்லாமல் அடைத்துவிடுங்கள். கார்ப் புகை மேலே ஏறும். அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு (அந்தப் புகையில் உள்ள நச்சு வாயு) அலாரமும் அவசியம்.

மார்க்கம்வாசி:
கைப்பிடி முக்கால்வாசி குறுக்கேதான் இருந்தது! திருப்பிய பின் 18 ஆகியிருக்கிறது. அலாரமும் வாங்கிவிட்டேன். மாஸ்டிக்கை இந்தக் குளிரிலேயே பூசலாமா?

தகரவேலை:
நீர் கலந்த மாஸ்டிக் காயும் முன் உறைந்தால் வீண். டப்பாவில் குறைந்தபட்ச வெப்பநிலை போட்டிருக்கும். கராஜ் அதற்குக் கீழே இருந்தால் பனி விட்டதும் பூசுங்கள். பலகையை இப்போதே மூடிவிடுங்கள், பூசும்போது மறுபடி கழற்றிக்கொள்ளலாம்.