கெண்டைக்கால்: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதைச் சொல்கிறார்கள்?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய (மரத்தைக் கீறிப் பால் எடுத்த) காலத்திலிருந்தே அம்மா "கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது" என்பார். அவருடைய உடற்பயிற்சிக் குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன், முதல் வரியிலேயே ஐயம்.

கெண்டைக்கால் என்பது முழங்காலுக்குக் கீழே பின்புறம் திரண்ட சதை மட்டுமா? அது நாணாக மெலிந்து குதிகாலில் சேரும் இடமும் அடங்குமா? ஆடுசதையும் இதுவும் ஒன்றுதானா? அம்மா தவறான இடத்தை நீவிவிடக்கூடாது.

மலாய்க்காரர்கள் இதை 'ஜந்தோங் பெத்திஸ்' என்கிறார்கள்; ஜந்தோங் என்றால் இதயம், வாழைப்பூவுக்கும் அதே சொல். இத்தசையின் மருத்துவப் பெயருக்குக் கிரேக்கத்தில் 'காலின் வயிறு' என்று பொருள். நம்மவர் கண்ணுக்குக் கெண்டை மீன்தான் தெரிந்திருக்க வேண்டும், எவ்வளவு அழகு!

தோட்டத்துப் பாட்டி, தாத்தாக்களிடம் தயவுசெய்து கேளுங்கள். எந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்கள் என்றும் எழுதுங்கள்.