உயிலில் வெள்ளச்சிக்கு எப்படி வழி செய்வது?

வணக்கம். எனக்கு 71 வயது. மதுரையில் தனியாக இருக்கிறேன். துணைக்கு வெள்ளச்சி, 6 வயது நாட்டு நாய். வலிப்பு மாத்திரையைத் தயிர்சாதத்தில் பொதிந்து நான் ஊட்டினால்தான் விழுங்குவாள். எனக்கப்புறம் யார் ஊட்டுவார்கள் என்று நினைத்தாலே தூக்கம் வருவதில்லை.

நம் சட்டப்படி நாயின் பெயரில் பணம் எழுதிவைக்க முடியாது, ஒரு மனிதரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். கீழ்வீட்டுத் தம்பி பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். தங்கமான பிள்ளை. ஆனால் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டால்? இன்னொருவர் பெயரையும் சேர்க்கலாமா? பணத்தை மாதாமாதம் கிடைக்கும்படி எழுத முடியுமா?

உயில் நான் இறந்த பிறகுதான் செல்லும். அதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் அவள் செலவுக்கு என்ன ஏற்பாடு செய்வது? கையெழுத்துப் போட இரண்டு சாட்சிகள் தயார். இப்படி உயில் எழுதியவர்களோ வக்கீல்களோ இருந்தால், வாசகத்தை எப்படி அமைப்பது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.