பி.எம்.பி. (ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான சர்டிஃபிகேட்) எடுத்தா சம்பளம் ஏறுமா, இல்ல சுவத்துல மாட்ற ஃப்ரேம் மட்டும்தானா?

ஓஎம்ஆர்_பயணி:
பி.இ., சர்வீஸ் கம்பெனியில் 6 வருஷம். கடைசி 3 வருஷமா 8 பேர் டீமுக்கு லீட். அதில் 14 மாசம் ப்ரொடக்‌ஷன் சப்போர்ட், மீதி டெவலப்மென்ட். மேனேஜர் ரோலுக்கு வெளியில் தேடலாம்னு இருக்கேன். பி.எம்.பி. எடுக்கலாமா? கம்பெனி காசு தராது, முழுக்கக் கைக்காசு.

கிரிட்டிகல்பாத்:
வெளியில் தேடறதா இருந்தா எடுங்க தம்பி. ரெஸ்யூமேக்களை முதலில் சலிச்சு எடுக்கிறது எச்.ஆர். அவங்களுக்கு உங்க ப்ராஜெக்ட்டோட கஷ்டநஷ்டம் தெரியாது. நவுக்ரி மாதிரி வேலை தேடும் தளத்தில் கீவேர்டு போட்டுத் தேடுவாங்க, அந்த மூணு எழுத்து இருந்தா ரெஸ்யூமே மேலே வரும். அதோட வேலை அவ்வளவுதான். இன்டர்வியூவில் உட்கார்ந்த பிறகு நீங்க பேசறதுதான் நிக்கும். இருக்கிற கம்பெனியிலேயே ப்ரமோஷன் வேணும்னா அவசரமே இல்லை, உங்க டெலிவரி மேனேஜர் வாயைப் பார்த்துத்தான் அது நடக்கும்.

பெஞ்ச்_பரமசிவம்:
அப்போ ஒரு கீவேர்டுக்கு அம்பதாயிரத்துக்கு மேல செலவா? கணக்குப் போடுங்க. பரீட்சைக் கட்டணம் டாலர் கணக்கு. மெம்பர்ஷிப் தனி, 35 மணி நேர வகுப்பு தனி, மாக் டெஸ்ட் தனி. பாஸானதோட முடியாது, 3 வருஷத்துக்கு ஒருமுறை 60 பி.டி.யு. (தொடர்ந்து படிக்கிறதுக்கான புள்ளி) சேர்த்து, கட்டணம் கட்டிப் புதுப்பிக்கணும்.

சம்பளம் ஏறும்னு எல்லாரும் காட்றது அந்தச் சர்டிஃபிகேட்டைத் தர்ற பி.எம்.ஐ. அமைப்போட சொந்த சர்வே. பட்டப்படிப்பு முடிச்சவங்களுக்கே 36 மாசம் ப்ராஜெக்ட் நடத்தின அனுபவம் இருந்தாத்தான் பரீட்சைக்கு உட்கார விடுறாங்க. அனுபவம் உள்ளவங்களா வடிகட்டி உள்ளே விட்டுட்டு, அவங்களுக்குச் சம்பளம் ஜாஸ்தின்னா, ஜாஸ்தியானது சர்டிஃபிகேட்டாலயா அனுபவத்தாலயா? ஒரே வருஷ அனுபவம், ஒரே ஊர், ஒரே துறைன்னு வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

தோஹா_சைட்:
ஐ.டி.யை மட்டும் வச்சுப் பேசறீங்க. கட்டுமானத்தில் கதை வேற. வளைகுடாவில் டெண்டர் போடும்போது காண்ட்ராக்டர் யாரை ப்ராஜெக்ட் மேனேஜரா வைக்கப்போறார்னு சி.வி. இணைக்கணும். பல டெண்டரில் பி.எம்.பி. கட்டாயம்னோ, இருந்தா மார்க்குன்னோ எழுதியே இருக்கும். அங்கே அது அலங்காரமில்லை, பேப்பர் தள்ளுபடி ஆகாம இருக்க வேண்டிய தகுதி. பிரிட்டிஷ் கன்சல்டன்ட் இருக்கிற இடத்தில் பிரின்ஸ்2-ங்கிற இன்னொரு ப்ராஜெக்ட் சர்டிஃபிகேட் கேட்டாலும் கேட்பாங்க. அதோட முதல் நிலையான ஃபவுண்டேஷனுக்கு அனுபவமே தேவையில்லை.

பெஞ்ச்_பரமசிவம்:
சைட் ஆளுக்கு ஒத்துக்கறேன். கேட்டவர் சைட் ஆள் இல்லையே.

கிரிட்டிகல்பாத்:
சர்வேயில் ஓட்டை இருக்கு, அதையும் ஒத்துக்கறேன். ஆனா இங்கே அதுக்கு முன்னாடி ஒரு சிக்கல் இருக்கு, யாரும் கவனிக்கலை. தம்பிக்கு இன்னும் தகுதியே வரலை.

36 மாசம்னா ப்ராஜெக்ட்டை நடத்தின 36 மாசம். ப்ராஜெக்ட்டுக்குத் தொடக்கமும் முடிவும் இருக்கணும். டிக்கெட் (பயனர் புகார்) வர வர மூடிக்கிட்டே இருக்கிற சப்போர்ட் வேலை ஆப்பரேஷன்ஸ், அதாவது அன்றாட வேலை, கணக்கில் வராது. 36-ல் 14 போனா 22. அந்தச் சப்போர்ட் காலத்துக்குள்ளேயே ஒரு மைக்ரேஷனோ வெர்ஷன் அப்கிரேடோ தனித் தேதி, தனி ஸ்கோப்போட (வேலையோட எல்லை) நடந்திருந்தா அந்த மாசங்களை மட்டும் எடுக்கலாம். இன்னொரு பொறி: ஜனவரியில் இருந்து ஜூன் வரை ரெண்டு ப்ராஜெக்ட் ஒண்ணா ஓடினா 6 மாசம்தான், 12 இல்லை. டெசிக்னேஷன் மேனேஜர்னு இருக்கணும்னு அவசியமில்லை, லீடா இருந்து திட்டமிட்டு நடத்தியிருந்தாப் போதும்.

அப்ளிகேஷனில் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் சுருக்கம் கேட்பாங்க. நம்ம ஆளுங்க ரெஸ்யூமேயில் இருக்கிற ஜாவா, ஸ்ப்ரிங், ஏ.டபிள்யூ.எஸ். வரியை அப்படியே ஒட்டுவாங்க, அது திரும்பி வந்துடும். நோக்கம் என்ன, உங்க பொறுப்பு என்ன, ஸ்கோப்பை எப்படி வரையறுத்தீங்க, ரிஸ்க்கை எப்படிக் கையாண்டீங்க, முடிவு என்ன, இதுதான் வேணும். அப்ளிகேஷனைச் சரிபார்க்கிற பி.எம்.ஐ. ஆடிட்டில் மாட்டினா ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் அதைப் பார்த்த ஒருத்தர் உறுதி கொடுக்கணும், 35 மணி நேர வகுப்புச் சான்றும் டிகிரி நகலும் வேணும். 90 நாள் அவகாசம். பழைய மேனேஜர் கம்பெனி மாறிப் போயிருந்தா அப்போ தேடி ஓடாதீங்க. அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடியே அவர்கிட்டப் பேசி, எழுதினதைக் காட்டி வச்சுக்குங்க.

பெஞ்ச்_பரமசிவம்:
இவ்வளவும் பண்ணி உள்ளே போனா அங்கே கேட்கிறது என்ன? "மேனேஜர் முதலில் என்ன செய்யணும்?" ஸ்பான்ஸர்கிட்ட (ப்ராஜெக்ட்டுக்குப் பணம் ஒதுக்குற மேலிடம்) எஸ்கலேட் பண்றதுதான் நம்ம ஆபீஸில் முதல் வேலை. பரீட்சையில் பெரும்பாலும் அதுதான் தப்பான விடை. முதலில் விஷயத்தை ஆராயணும், சம்பந்தப்பட்டவங்களோட பேசணும், பிறகுதான் மேலே போகணும். பி.எம்.ஐ. உலகத்தில் யோசிக்கப் பழகறோம், திங்கக்கிழமை ஆபீஸ் வந்தா பழைய உலகம்.

கிரிட்டிகல்பாத்:
எஸ்கலேட் பண்றதே முதல் வேலைங்கிறது ஆபீஸோட வியாதி. அதுக்குப் பரீட்சையை ஏன் திட்டணும்? படிக்கிறதில் நேரடியா உதவுறதும் இருக்கு. 40 லட்சம் பட்ஜெட் ப்ராஜெக்ட். இன்னைக்குப் பாதி முடிஞ்சிருக்கணும், அதாவது 20 லட்சத்து வேலை. முடிஞ்சது 40 சதவீதம், 16 லட்சத்து வேலை. செலவானது 24 லட்சம். "கொஞ்சம் லேட், பிடிச்சுடலாம்"னு ஸ்டேட்டஸ் மீட்டிங்கில் சொல்லுவாங்க. 16-ஐ 24-ஆல் வகுத்தா 0.67, அதாவது செலவழிச்ச ஒவ்வொரு ரூபாய்க்கும் 67 காசு வேலைதான் நடந்திருக்கு. இதே வேகத்தில் போனா 40-ஐ அந்த 0.67-ஆல் வகுக்கணும், முடிக்க 60 லட்சம் ஆகும். இதை மூணாவது மாசமே கிளையன்ட் முன்னாடி வைக்கிறவரும் கடைசியில் வைக்கிறவரும் ஒண்ணா?

பெஞ்ச்_பரமசிவம்:
அழகான கணக்கு. ஆனா பேஸ்லைனே (எப்போ எவ்வளவு வேலை, எவ்வளவு செலவுன்னு தொடக்கத்திலேயே ஒத்துக்கிட்ட திட்டம்) போடாத ப்ராஜெக்ட்டில் அந்த 20 லட்சம் எங்கிருந்து வரும்? அதுவுமில்லாம, இந்த ரெண்டு வகுத்தலைக் கத்துக்க சர்டிஃபிகேட் எதுக்கு?

தோஹா_சைட்:
பேஸ்லைன் போடணும்னு தெரியறதுக்கே சில பேருக்கு அது தேவைப்படுது, பரமசிவம் சார் 😄

ஓஎம்ஆர்_பயணி:
22 மாசம்னு பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டுச்சு. மீதி 14 மாசத்துக்கு என்ன பண்ணலாம்? பி.எம்.ஐ.யோட ஆரம்ப நிலை சர்டிஃபிகேட்டான கேப்.எம். எடுத்து வைக்கட்டுமா?

பெஞ்ச்_பரமசிவம்:
வேணாம். கேப்.எம். அனுபவம் இல்லாதவங்களுக்கானது. 6 வருஷக்காரர் ரெஸ்யூமேயில் அதைப் பார்த்தா உங்களை ஜூனியர்னு நினைப்பாங்க. ஏதாவது வேணும்னா ஸ்க்ரம்.ஆர்க் நடத்துற பி.எஸ்.எம். 1 (ஸ்க்ரம் முறையில் டீம் நடத்துறதுக்கான பரீட்சை) எழுதுங்க. வகுப்புக் கட்டாயமில்லை, 80 கேள்வி, 60 நிமிஷம், 85 சதவீதம் எடுக்கணும், காலாவதியும் கிடையாது.

கிரிட்டிகல்பாத்:
இதில் நானும் பரமசிவம் பக்கம். கேப்.எம். இருந்தா அந்த 35 மணி நேரம் தேவையில்லைங்கிறது ஒரு சலுகை, அதுக்காக எடுக்கத் தேவையில்லை.

நீங்க இப்போ செய்ய வேண்டியது சப்போர்ட்டில் இருந்து ப்ராஜெக்ட் பக்கம் மாறுறது. அடுத்த ப்ராஜெக்ட் அலொகேஷன் வரும்போதே கேளுங்க. மாசம் எண்ணுறதுக்கு இன்னைக்கே ஒரு எக்ஸெல் ஷீட் போட்டுடுங்க: ப்ராஜெக்ட், தொடங்கின தேதி, முடிஞ்ச தேதி, உறுதி கொடுக்கப் போறவர், அவரோட சொந்த மெயில் ஐடி. ஆபீஸ் மெயில் ஐடி எழுதாதீங்க, அவர் வேலை மாறினா செத்துடும். வகுப்புக்கு இப்போ காசு கட்டாதீங்க. 2021-ல் பரீட்சையை மாத்தினப்போ பழைய பாடத்தை வச்சிருந்த நிறைய பேர் மறுபடி முதலில் இருந்து படிச்சாங்க. 30 மாசம் சேர்ந்த பிறகு, அன்னைக்குப் பி.எம்.ஐ. தளத்தில் இருக்கிற எக்ஸாம் அவுட்லைனை எடுத்துப் பார்த்துட்டு வகுப்பில் சேருங்க.

பெஞ்ச்_பரமசிவம்:
அந்த 14 மாசத்துக்குள்ள மேனேஜர் வேலை கிடைச்சுட்டா, வகுப்புக் காசு மிச்சம். அதையும் அந்த ஷீட்டில் ஒரு வரியாப் போட்டு வைங்க.