கிரேட் சிம்பாப்வேயைக் கட்டியவர் யார் என்பதில் ஏன் இத்தனை குழப்பம்?

செல்வன் (கேள்வி):
இன்றைய சிம்பாப்வே நாட்டிலுள்ள பழைய நகர இடிபாடான கிரேட் சிம்பாப்வேயின் கற்சுவர்களை ஆப்பிரிக்கர் எழுப்பவில்லை, பண்டை லெபனோன் கரையின் கடல்வணிகரான ஃபீனிசியரோ பைபிளில் வரும் சேபா நாட்டு அரசியோ எழுப்பினர் என்று அன்று ரொடீசியா எனப்பட்ட அந்நாட்டின் வெள்ளையர்கள் நெடுங்காலம் சொல்லி வந்ததாகப் படித்தேன். அகழாய்வு நடந்த இடத்தில் இந்தக் கதை எப்படி நிலைத்தது? சான்றே கிடைக்கவில்லையா?

மண்ணடுக்கு:
கிடைத்திருக்க வேண்டிய சான்றில் பெரும்பகுதியை அள்ளி எறிந்துவிட்டார்கள். 1871-இல் அங்கே சென்ற ஜெர்மானியர் கார்ல் மௌக், வாயில் உத்தரத்தில் சீவிய சிம்பு செந்நிறமாகவும் மணமாகவும் தம் பென்சில் கட்டையைப் போலவே இருந்ததால், அது லெபனோனின் கேதுரு மரம், ஃபீனிசியர்தாம் கொண்டுவந்திருக்க முடியும், ஆகவே இது சேபா அரசியின் வேலை என்று முடிவுகட்டினார். உண்மையில் அது உள்ளூர்த் தம்போட்டி மரம். நகைத்துவிட்டுப் போகலாம்தான், ஆனால் 1890-இல் நிலத்தைக் கைப்பற்றிய செசில் ரோட்ஸின் கம்பெனிக்கு அந்தக் கதை வசதியாக இருந்தது. 1902-இல் பாதுகாவலராக அமர்த்தப்பட்ட ரிச்சர்ட் ஹால், 'பழைய' நாகரிகத்தைத் தேடி, ஆப்பிரிக்கர் வாழ்ந்த மண்ணடுக்குகளைக் குப்பையென்று பல அடி ஆழத்துக்கு அகற்றினார். தவறான விளக்கத்தைப் பின்னால் திருத்தலாம், அள்ளிய அடுக்கை மீண்டும் அடுக்க முடியாது.

கார்த்திகா:
ஹாலோடு நிறுத்திவிட்டால் விடை பாதிதான், ஐயா. 1905-இலேயே தொல்லியலாளர் ராண்டல்-மாக்கைவர் இது இடைக்கால ஆப்பிரிக்கர் கட்டியது என்று அறிவித்துவிட்டார். 1929-இல் தொல்லியலாளர் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன், ஹால் கலைத்த இடங்களை நம்பாமல், அங்கேயே அதிகம் தோண்டப்படாத மாண்ட் இடிபாட்டில் அகழ்ந்து அதை உறுதிசெய்தார். சுவரின் அடித்தளத்துக்குக் கீழே கிடப்பது சுவரைவிட முந்தியது என்ற எளிய முறைதான். ஆக, 1965-க்குப் பின் ரொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மை அரசான இயன் ஸ்மித் ஆட்சி இதை அறியாமல் பேசவில்லை. கட்டியவர் ஆப்பிரிக்கரே என்று வழிகாட்டி நூல்களில் ஐயமின்றி எழுதக் கூடாது என்ற அழுத்தம் இருந்தது. நினைவுச்சின்ன ஆய்வாளர் பீட்டர் கார்லேக் 1970-இல் நாட்டைவிட்டே வெளியேறினார்.

செல்வன்:
அங்கே சீனப் பீங்கானும் இந்தியக் கண்ணாடி மணிகளும் கிடைத்தனவே? அயலார் வாதத்துக்கு அவை துணையாகாதா?

மண்ணடுக்கு:
ஆகாது. அவை ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையின் சொஃபாலா, கில்வா துறைமுகங்கள் வழியாகப் பொன்னுக்கும் தந்தத்துக்கும் மாற்றாக வந்த சரக்கு. மணி வந்த வழியில் கொத்தனாரும் வந்தார் என்றால், ரோமக் காசு கிடைத்த நம் ஊர்களையெல்லாம் ரோமரே கட்டியிருக்க வேண்டும்.