எடுமீன், விடுமீன்: பெரிய மீனையும் விடச் சொல்லும் விதிக்கு ஒரு சொல்

தொடக்க மடல், புளோரிடாவின் தாம்பாவிலிருந்து

சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சொல் வேண்டும். ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடந்த மார்ச் மாதம் அப்பா தூத்துக்குடியிலிருந்து இங்கே வந்திருந்தார். சிறு வயது முதல் தருவைக்குளம் கரையில் தூண்டில் போட்டுப் பழகியவர். வந்த இரண்டாம் நாளே கடல் எங்கே என்று கேட்டார். புளோரிடாவில் கடலில் தூண்டில் போட உரிமம் வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அது தேவையில்லை என்றாலும், அந்தச் சலுகை மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். வெளியூர்க்காரருக்கான ஓராண்டு உரிமத்தை 47 டாலர் கட்டி வாங்கினேன். ஸ்னூக் என்ற மீனை வீட்டுக்கு எடுத்துவர வேண்டுமானால் அதற்கென்று தனி அனுமதி உண்டு. அதற்குப் பத்து டாலர்.

நான்காம் நாள் மாலை, அலையாத்திக் காட்டை ஒட்டிய கரையில், அப்பாவின் தூண்டிலில் அந்த ஸ்னூக்கே மாட்டியது. நரம்பு விண்ணென்று இழுபட்டது. கால் மணி நேரம் விட்டுப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார். பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஒரே கருங்கோடு. பார்த்தவுடன் "இது கொடுவாய்க்குச் சொந்தக்கார மீன்" என்றார். நான் கையை நீட்டியதும் "செவுள் மூடியைத் தொடாதே, பிளேடு போல அறுத்துவிடும்" என்று தடுத்தார். இரண்டுமே சரிதான். ஒரு காலத்தில் மீனியல் அறிஞர்கள் கொடுவாயையும் ஸ்னூக்கையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். ஸ்னூக்கின் செவுள் மூடி விளிம்பும் கத்திதான்.

வாயை மூடி, வாலை ஒடுக்கிப் பிடித்து அளந்தேன். 36 அங்குலம். "அப்பா, இதை விட வேண்டும்" என்றேன். அவர் நம்பவில்லை. "குஞ்சை விடச் சொன்னால் நியாயம். வளர்ந்த மீனை ஏன் விட வேண்டும்?" என்று கேட்டார். இங்கே மெக்சிகோ வளைகுடாப் பக்கம் ஸ்னூக் 28 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 33 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது என்பதை விளக்கினேன். ஆங்கிலத்தில் ஸ்லாட் லிமிட் என்பார்கள் என்றேன். "தமிழில் என்ன?" என்றார். எனக்குச் சொல் வரவில்லை. அப்பா மீனைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்திருந்தார். அது வாலை ஒரு முறை அடித்துப் போன பிறகும் அங்கேயே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்காகக் கடல் தூண்டில் விதிகளைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி வருகிறேன். விதி தெரியாமல் அபராதம் கட்டியவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பமே கட்டியது. என் வரைவில், ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை மீன் என்று சொல்லும் பேக் லிமிட்டுக்குப் பிடிவரம்பு என்றும், குளோஸ்டு சீசனுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்றும் போட்டிருக்கிறேன். ஸ்லாட் லிமிட்டுக்கு இடையளவு, அளவுச் சாளரம் என இரண்டு சொற்கள் தோன்றின. இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மறுமொழி, சென்னையிலிருந்து

அக்கா, வணக்கம். இடையளவு வேண்டாம். ரவிக்கை தைக்கும் கடையில் தினமும் புழங்கும் சொல் அது. "ஸ்னூக்கின் இடையளவு 28 முதல் 33 அங்குலம்" என்று எழுதினால் மீனின் சுற்றளவை அளக்கக் கிளம்பிவிடுவார்கள். சாளரமும் வேண்டாம். கணினித் துறையில் ஏற்கெனவே அதற்கு ஏகப்பட்ட வேலை. நேராகவே சொல்லலாம்: ஈரெல்லை அளவு. கீழே ஓர் எல்லை, மேலே ஓர் எல்லை. இருபுறமும் வேலி இருக்கிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது.

மறுமொழி, தூத்துக்குடியிலிருந்து

அம்மா, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். மீன் குஞ்சு பொரிப்பகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் உங்கள் அப்பாவின் கேள்வி எனக்குப் புதிதில்லை. அதற்குப் பதிலும் அவர் சொன்ன உறவிலேயே இருக்கிறது. கொடுவாய் முதலில் ஆணாக வளர்ந்து பின்னால் பெண்ணாக மாறும் மீன். ஸ்னூக்கும் அப்படித்தான். ஆகவே பெரிய மீன் என்றால் பெரும்பாலும் பெண் மீன். எங்கள் பொரிப்பகத்தில் அதற்குத் தாய்மீன் என்று பெயர். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1997இல் கொடுவாயை முதன்முதலாக அடைப்புக்குள் முட்டையிட வைத்தார்கள். அந்தக் காலத்திலிருந்தே தாய்மீனைக் கண்ணின் மணியாகப் பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள். கடலில் இருக்கும் தாய்மீனுக்குப் புளோரிடாக்காரர்கள் சட்டத்தில் காவல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் குறிப்பில் இந்த ஒரு வரியை எழுதினால் எந்த அப்பாவும் மீனை விட்டுவிடுவார்.

ஈரெல்லை நல்ல சொல். அதை நான் ஏற்கிறேன். ஆனால் உங்கள் வரைவில் ஸ்லாட்டைவிடப் பெரிய சிக்கல் வேறொரு சொல்லில் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு அசையாத பொருள் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017க்கு முன் 45 நாள். அந்த நாள்களில் விசைப்படகு துறையைவிட்டு நகராது, அதன் வலை இறங்காது. எங்கள் ஊர்க்காரர் உங்கள் குறிப்பைப் படித்தால் மே மாதம் முழுக்க அங்கே தூண்டிலே போடக் கூடாது என்று நினைத்துக்கொள்வார். அங்கே நிலைமை அதுதானா?

பிடிவரம்பும் அப்படியே. ஒரு நாளைக்கு ஒன்றுதான் பிடிக்கலாமா, அல்லது ஒன்றைத்தான் கொண்டுபோகலாமா? உங்கள் அப்பா ஒன்றைப் பிடித்தார், விட்டார். அன்று அவருடைய கணக்கு ஒன்றா, சுழியா? இதைத் தெளிவாக்கிவிட்டுச் சொல்லைத் தேடுவோம்.

தாம்பாவிலிருந்து மீண்டும்

ஐயா, வணக்கம். உங்கள் கேள்வி என் வரைவையே புரட்டிப் போட்டுவிட்டது. இரண்டு நாள் விதிப்புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

அப்பாவின் கணக்கு அன்று சுழிதான். ஸ்னூக் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று என்பது வைத்துக்கொள்ளும் மீனின் கணக்கு. பிடித்து உடனே விட்டால் அது கணக்கில் சேராது. காலமும் அப்படியே. இந்தப் பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி முடியவும், மே முதல் ஆகஸ்டு முடியவும் ஸ்னூக்கை எடுக்கக் கூடாது. குளிர்காலத்தில் மீன் விறைத்து ஒடுங்கிக் கிடக்கும், கோடையில் முட்டையிடும். அந்த மாதங்களில் தூண்டில் போடலாம், மாட்டினால் விட்டுவிட வேண்டும். அதே கரையில் வேறு மீன் மாட்டினால் அதற்கு வேறு நாள்காட்டி. நம் ஊரில் காலம் மொத்தக் கடலுக்கும் மூடுகிறது. இங்கே ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியாக மூடுகிறது.

ஆகவே பிடி என்ற வினையை வைத்து நான் கட்டிய எல்லாச் சொல்லும் தவறு. இங்குள்ள சட்டம் பிடிப்பதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. எதை வைத்துக்கொள்கிறாய் என்றுதான் கேட்கிறது. வேர்ச்சொல்லை மாற்றிவிட்டால் எல்லாம் ஒழுங்காகும் என்று தோன்றியது. கொள் என்ற வினையை எடுத்துக்கொண்டேன். வைத்துக்கொள்ளத்தக்கது கொள்மீன், திருப்பிவிட வேண்டியது விடுமீன். அதன் வழியே கொள்காலம், விடுகாலம், கொள்வரம்பு. ஸ்லாட் என்பது கொள்மீனின் ஈரெல்லை அளவு. கிடைத்த மீனைக் குறிக்கும் பாடு என்ற நம் கடற்கரைச் சொல்லையும் நினைத்துப் பார்த்தேன். இன்றைய பாடு எப்படி என்றுதானே கரையில் கேட்பார்கள்? ஆனால் வரம்போடு சேர்த்தால் பாட்டு வரம்பு என்றாகிப் பாடகருக்கான விதியாகிவிடுகிறது. மனமில்லாமல்தான் அதை விட்டேன்.

தூத்துக்குடியிலிருந்து

அம்மா, வினையை மாற்றியது முற்றிலும் சரி. நீங்கள் கண்டது சொல்லை மட்டுமன்று, சட்டத்தின் உள்கருத்தையும்தான். கொள்மீன் ஒன்றில்தான் தடங்கல். நம்மில் பாதிப் பேர் வாயில் ளகரமும் லகரமும் ஒன்றாகத்தான் வருகின்றன. தொலைபேசியில் கொள்மீன் என்றால் கேட்பவர் காதில் கொல்மீன் என்று விழும். மீனைக் காப்பதற்கான குறிப்பில் அது வேண்டாம். கொள்ளளவு என்று நீட்டவும் வழியில்லை, அணைக்கட்டும் தண்ணீர்த் தொட்டியும் அதை எடுத்துக்கொண்டுவிட்டன.

உங்கள் அப்பாவிடம் கேட்டீர்களா? பிடித்த மீனைத் தரம் பிரிக்கும்போது அவர் வாயில் என்ன வருகிறது?

தாம்பாவிலிருந்து

ஐயா, கேட்டேன். அப்பா இப்போது ஊரில் இருக்கிறார். கொள்மீன், விடுமீன் என்று தொலைபேசியில் சொன்னேன். நீங்கள் சொன்னதுபோலவே "எதைக் கொல்வது?" என்றார். பிறகு, கரையில் மீனைக் கொட்டினால் எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "எடுக்கிற மீன் ஒரு பக்கம், விடுகிற மீன் ஒரு பக்கம்" என்றார்.

எடுமீன், விடுமீன். எதுகையும் தானாக அமைந்துவிட்டது. இனி இதை மாற்ற எனக்கு மனம் வராது.

சில மீன்களை வைத்துச் சோதித்தும் பார்த்தேன். செம்மீன் என்று நான் எழுதியிருக்கும் ரெட் டிரம் 18 முதல் 27 அங்குலம், நன்றாகப் பொருந்துகிறது. புளோரிடாவின் கிழக்குக் கரையிலுள்ள இந்தியன் ஆற்றுக் காயலில் 2022 முதல் அதை எடுக்கவே கூடாது. அங்கே அது ஆண்டு முழுவதும் விடுமீன் என்று ஒரே சொல்லில் முடிகிறது. முன்பு நான்கு வரி எழுதியிருந்தேன். களவா இனத்தில் மிகப் பெரிதான கோலியாத்துக்கும் பொருந்துகிறது. 1990 முதல் முழுத்தடையில் இருந்த மீன் அது. 2023இல் குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள், அதுவும் 24 முதல் 36 அங்குலம் வரைதான். ஆளுயரம் வளரும் மீனில் இளையதை மட்டும் எடுக்கவிட்டு, முதிர்ந்தது முழுவதையும் விடுமீன் ஆக்கியிருக்கிறார்கள்.

சிங்கி இறாலில்தான் எடு என்ற சொல் பளிச்சென்று நிற்கிறது. அதன் முதுகின் ஓடு மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். மூழ்குபவர் தண்ணீருக்குள்ளேயே அதை அளந்துவிட வேண்டும். அளவு குறைந்தால் மேலே கொண்டுவரவே கூடாது. முட்டை சுமந்த இறாலையும் அப்படியே விட வேண்டும். அளந்த பிறகுதான் எடுப்பு. ஆனால் இதன் மூடிய காலத்தை நான் விடுகாலம் என்று எழுதப்போவதில்லை. ஆகஸ்டு 6 முதல் மார்ச் 31 வரையிலான பருவமும், ஜூலைக் கடைசியில் அடுத்தடுத்து வரும் புதன், வியாழன் இரண்டு நாளும் போக, மற்ற நாள்களில் அதன் பக்கமே போகக் கூடாது. அங்கே உங்கள் தடைக்காலம்தான் சரியான சொல்.

தூத்துக்குடியிலிருந்து

நன்று அம்மா. தடைக்காலம், விடுகாலம் இரண்டையும் வெவ்வேறாக வைத்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது. பேக் லிமிட்டுக்கு எடுவரம்பு போதும். படகுக்குப் பொதுவாக வைத்த எண்ணிக்கையைப் படகு வரம்பு என்றும், ஐஸ்பெட்டியில் இருப்பது உட்படக் கையிருப்புக்கு வைத்ததைக் கைவச வரம்பு என்றும் பிரித்து எழுதுங்கள். கைவசம் என்ன இருக்கிறது என்று தினமும் கேட்கிறவர்கள்தானே நாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. நீளத்தை எங்கிருந்து எங்கே அளப்பது? ஸ்னூக்குக்கு வால்நுனிவரை என்றீர்கள். எல்லா மீனுக்கும் அதுதானா?

தாம்பாவிலிருந்து

இல்லை ஐயா. வஞ்சிர இன மீன்களுக்கு வால் பிளவுபடும் உட்குழிவுவரைதான் அளவு. கிங் மாக்கரலுக்கு 24 அங்குலம் என்பது அந்த அளவு. வால்நுனிவரை அளந்தால் குட்டைமீன்கூடத் தேறிவிட்டது போலத் தெரியும், அபராதமும் வரும். நுனிவரை அளப்பது முழுநீளம். மற்றதைக் கவட்டு நீளம் என்று வைத்திருக்கிறேன், உண்டிவில்லின் கவட்டையை அறியாத சிறுவன் நம் ஊரில் இல்லை.

ஸ்னூக் பத்தியை இப்போது இப்படி எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அச்சுக்குக் கொடுக்க வேண்டும்:

"ஸ்னூக், வளைகுடாப் பக்கம். எடுகாலம்: மார்ச், ஏப்ரல், பிறகு செப்டம்பர் முதல் நவம்பர் வரை. மற்ற மாதங்கள் விடுகாலம். எடுமீன் அளவு ஈரெல்லை உடையது: முழுநீளம் 28 அங்குலத்துக்குக் குறையாமல், 33 அங்குலத்துக்கு மிகாமல். எடுவரம்பு: ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று. அளக்கும்போது மீனின் வாயை மூடுங்கள், வாலை ஒடுக்கிப் பிடியுங்கள், செவுள் மூடியில் கை வைக்காதீர்கள். 33 அங்குலத்தைத் தாண்டிய மீன் பெரும்பாலும் தாய்மீன். அது விடுமீன். தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்து, அது தானாக நீந்திப் போகும்வரை பொறுங்கள்."