ஐயாவின் குதிக்காலில் இருந்த தடிப்பு

கிளிநொச்சியிலிருந்து:

என் தம்பிக்கு 38 வயதில் மாரடைப்பு வந்தது. மறுநாள் விடுதியில் வைத்தியர் அவனது காலைத் திருப்பச் சொல்லி, குதிக்காலுக்கு மேலுள்ள தசைநாணை இரு விரல்களால் பிடித்துப் பார்த்துவிட்டு, "தகப்பனுக்கும் இப்படி இருந்ததா?" என்று என்னிடம் கேட்டார். இருந்தது. வயலால் வந்து கிணற்றடியில் ஐயா கால் கழுவும்போது அந்தத் தடிப்பை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். செருப்பு உரசிய காய்ப்பு என்றே நினைத்திருந்தோம். 2003இல், 44 வயதில், ஐயா வரம்பிலேயே விழுந்து இறந்தபோது, இடம்பெயர்ந்து திரிந்த கவலைதான் காரணம் என்று ஊர் சொன்னது. அந்தத் தடிப்பு தசைநாணில் படிந்த கொலஸ்திரோல் என்பதையும், அதைக் குருதியிலிருந்து அகற்றும் ஆற்றல் அவருக்குப் பிறப்பிலேயே குறைவாக இருந்திருக்க வேண்டும் என்பதையும் இப்போதுதான் அறிந்தேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

எல்லாவற்றையும் பரம்பரையின் மீது போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அம்மாவின் குருதி அமுக்கத்தை முதன்முதலில் அளந்ததே 2009இல், முகாமில்தான், 190/110 இருந்தது. கிளினிக்கில் "குடும்பத்தில் யாருக்காவது உண்டா?" என்று கேட்கிறார்கள். என் மாமன்மார் மூவரும் 30 வயதைத் தாண்டவில்லை, நோயால் அல்ல. நாங்கள் எதைச் சொல்வது?

வவுனியாவிலிருந்து:

அந்தக் கேள்வி எனக்கும் வலிக்கிறது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. குருதி அமுக்கத்தில் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் ஒவ்வொன்றும் சிறிதளவே பங்கெடுக்கின்றன. உப்பும் உடல் எடையும் அவற்றோடு சேர்கின்றன. தம்பிக்கு இருக்கும் கொலஸ்திரோல் கோளாறோ பெரும்பாலும் ஒரே பரம்பரையலகின் பழுதால் வருவது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு உண்டு. நான் மெலிந்தவன், நாளும் சைக்கிள் மிதிப்பவன், எனக்கும் அது இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆகவே நீங்களும் உங்கள் சகோதரரும் தம்பியின் பிள்ளைகளும் குருதியில் கொலஸ்திரோலைச் சோதியுங்கள். தேங்காய்ப்பாலைக் குறைப்பது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. மாத்திரையால் அளவு இறங்கியதும் சுகம் வந்துவிட்டதென்று நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன், மறுபடியும் ஏறியது. கருத்தரிக்க எண்ணும் பெண்கள் மாத்திரை பற்றி முன்பே வைத்தியருடன் பேச வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து, மீண்டும்:

தம்பியின் மகளுக்கு ஒன்பது வயது. நேற்றிரவு அவள் தூங்கும்போது குதிக்காலைத் தடவிப் பார்த்தேன், மெல்லியதாகவே இருந்தது. இந்த வயதில் காலில் தெரியாது, குருதியில்தான் தெரியும் என்று வைத்தியர் சொல்லியிருந்தும் மனம் கேட்கவில்லை. குருதி எடுத்தாயிற்று, முடிவு செவ்வாய்க்கிழமை கிடைக்கும்.